அப்பா குடித்திருக்கவில்லை

2024 மார்ச் 3, ஞாயிறு
எங்கள் றப்பர் தோட்டத்துக்குச் சாமியார் வந்து வைப்பது மாதத்தில் ஒரு பூசைதான். இன்று அதிலும் அப்பா விழுந்தார். செபம் சொல்ல எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடினோம். அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்காரும் வாங்கைப் பிடிக்கப் பார்த்து, அதோடு சேர்ந்து தரையில் கிடந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது.

"காலையிலயே ஊத்திட்டீங்களா?" என்று கேட்டேன். மெதுவாகக் கேட்டதாகத்தான் நினைத்தேன். பின்வரிசை வரைக்கும் கேட்டிருக்கிறது.

"கண்ண மூடுனேன் புள்ள. அவ்வளவுதான்."

நான்கு வருடமாகக் குடிக்கவில்லை என்கிறார். இந்தத் தோட்டத்தில் எந்த ஆம்பிளைதான் அப்படிச் சொல்லவில்லை?

மார்ச் 5
காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் அப்பாவின் பால்வெட்டும் கத்தியை வாங்கிக்கொண்டார்கள். குடிகாரன் மலையில் உருண்டு செத்தால் யார் பொறுப்பு என்று பீல்ட் ஒபிசர் சிங்களத்தில் கேட்டாராம். இருபத்தாறு வருடம் றப்பர் வெட்டிய கை. அம்மா குவைத்தில், நான் யட்டியாந்தோட்டை டவுனில் போட்டோகொப்பி கடையில். தோட்டத்தில் பேர் இருப்பது அப்பாவுக்கு மட்டும். அது போனால் நாங்கள் குடியிருக்கும் இந்த லயத்துக் காம்பராவும் போகும்.

மார்ச் 9
சீமெந்துத் தரையில் ரத்தப் புள்ளிகள், கதவிலிருந்து அடுப்படி வரை. அப்பாவின் உள்ளங்காலில் பால் சிரட்டையை மரத்தில் கட்டுகிற கம்பித் துண்டு ஒன்று, முழுசாக உள்ளே. அவருக்குத் தெரியவே இல்லை. செருப்பு கழன்று போவதே சில நாள் தெரியாதாம்.

எவ்வளவு நாளாக? "ரெண்டு மூணு வருசமிருக்கும்."

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பேனா?

மார்ச் 11
ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக் கிளினிக்; பல வருடமாக அப்பா சீனிக்கு மருந்து எடுப்பது இங்கேதான். டொக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, நைலோன் நூல் போன்ற ஒன்றால் பாதத்தில் தொட்டார். தொட்டால் சொல்லச் சொன்னார். அப்பா நல்ல பிள்ளையாகக் காத்திருந்தார். பிறகு கேட்டார்: "எப்பங்க ஐயா தொடுவீங்க?"

ஆறு இடம் முடிந்திருந்தது.

சீனி நரம்பைத் தின்றுவிட்டது. தரை எங்கே இருக்கிறது என்று பாதம் சொல்வதில்லை. கண்ணால் பார்த்துத்தான் இவ்வளவு நாளும் நின்றிருக்கிறார். கண்ணை மூடினால் விழுவார். இருட்டில் விழுவார். முகத்துக்குச் சவர்க்காரம் போட்டால் விழுவார். குடி இல்லை. குடியே இல்லை.

கிளினிக் கொப்பிக்குள் பழைய துண்டுப்பிரசுரம் ஒன்று மடித்து இருந்தது — சீனி வருத்தக்காரர் காலை எப்படிக் கவனிப்பது என்று. முழுக்கச் சிங்களம். அப்பா சிங்களம் பேசுவார், வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியுமா என்று கொடுத்தவர்கள் கேட்கவில்லை. கையில் திணித்ததோடு அவர்கள் கடமை முடிந்தது. ஆத்திரமாக வருகிறது.

சிங்களம் வாசிக்கத் தெரிந்த நானும் அந்தக் கொப்பியை ஒரு நாள் திறந்து பார்க்கவில்லை.

மார்ச் 28
புண் ஆறிவிட்டது. இன்று உடற்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே பயிற்சி தருபவர் றிப்தா மிஸ். எங்களிடம் தமிழில் பேசினார். பாதி மூச்சு அப்போதே வந்தது.

"போன நரம்ப என்னால திருப்பித் தர ஏலாது. மிச்சமுள்ள கால் பலத்துக்கும் இடுப்புக்கும் வேல பழக்கலாம்" என்றார். பொய் சொல்லாத ஒரு ஆள். கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்கார அப்பாவுக்குப் பத்தொன்பது செக்கன். ஒற்றைக் காலில் நின்றது இரண்டு. தினமும் அரை மணி நேரம் செய்யவேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் சுவரும் பக்கத்தில் நானும் இருக்கவேண்டும். வெறுங்காலோடு நடக்கவே கூடாது.

ஏப்ரல் 6
லயத்து வாசல் ஸ்தோப்பில் பயிற்சி. கையைக் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து பத்துத் தடவை எழும்பி உட்கார்வது. குதிகாலை உயர்த்துவது. ஒரு காலின் பெருவிரலுக்கு முன்னால் மற்றக் காலின் குதிகாலை வைத்துக் கோடு போல நடப்பது. அப்பாவோடு பால் வெட்டிய புஷ்பம் அக்கா வேலியோரம் நின்று, "அண்ணே, பொலிஸ்ல எடுக்கப் போறாங்களா?" என்றார்.

"கொக்கு மாதிரி நிக்கச் சொல்றாங்க. கொக்குக்காவது மீனு கெடைக்கும்" என்றார் அப்பா.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு பகிடி.

ஏப்ரல் 13
ஊருக்குப் புது வருடம். அப்பாவுக்கு ஒற்றைக் காலில் ஐந்து செக்கன்.

ஏப்ரல் 30
மூன்று நாளாக அப்பா பயிற்சிக்கு எழும்பவில்லை. கத்தியே போன பிறகு கால் எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கத்தினேன். பிறகு நானே கதிரையைக் கொண்டுவந்து போட்டேன். அவர் ஒற்றைக் காலைத் தூக்கினார். எட்டு எண்ணும்போது எனக்கு அடக்க முடியவில்லை.

"கோயில்ல நான் அப்படிக் கேட்டது தப்புப்பா."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். எட்டுக்குப் பொறவு என்னா? எண்ணு."

ஒன்பது. பத்து.

மே 30
ஒன்பது வாரம். நடந்து திரும்ப இன்று பன்னிரண்டு செக்கன். ஒற்றைக் காலில் பதினான்கு. பாதம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, நூல் தொட்டாலும் தெரியவில்லை. ஆனால் நிற்கிறார். றிப்தா மிஸ் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குச் சிங்களத்தில் கடிதம் எழுதினார்: இவர் குடித்திருக்கவில்லை, இது சீனியால் வந்த நரம்புக் கோளாறு, பூட்ஸ் போட்டு, வெளிச்சத்தில், சமதரையில் வேலை செய்யலாம். டொக்டரிடமும் கையெழுத்து வாங்கித் தந்தார். யாரும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் நன்றி சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தது. முட்டாள்.

ஜூன் 3
பீல்ட் ஒபிசர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். சீனி வந்தால் இப்படியும் ஆகுமா என்று கேட்டார். அவருடைய அம்மாவுக்கும் சீனியாம். மன்னிப்பு ஒன்றும் இல்லை. பால் வெட்ட ஆள் பற்றாக்குறை, அதனால் ரோட்டோரத்தில் சமதரையாகக் கிடக்கும் கீழ் மலைத் துண்டு அப்பாவுக்கு, விடிந்த பிறகு. எந்தக் காரணமாக இருந்தாலும் பரவாயில்லை. கத்தி கைக்கு வந்தது.

ஜூன் 19
கடையிலிருந்து வரும்போது புஷ்பம் அக்கா வழியில் நிறுத்திச் சொன்னார். காலையில் அப்பா பால் வாளியோடு ஒரு வேரில் இடறினாராம். அக்கா ஓடுவதற்குள் மற்றக் காலை முன்னால் ஊன்றி நின்றுவிட்டாராம். வேரை ஒரு திட்டுத் திட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாராம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சோறு தின்னும்போது அப்பா மழைக்குப் பால் குறைந்துவிட்டது என்றுதான் குறைபட்டார்.