ஆகாசக்கப்பல் அம்மன்

பீர்க்கன்கரணை
27 ஜூலை 2025

அன்புள்ள ஜென்சிக்கு,

முதலில் மன்னித்துக்கொள். உன் கல்யாணத்துக்கு வரவில்லை, ஒரு வாழ்த்துகூட அனுப்பவில்லை. இப்போது காரியம் என்றதும் மெயில் எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசலாம்தான். என் குரல் உனக்குத் தெரியுமே, இரண்டாவது வார்த்தையிலேயே தொண்டைக்குள் போய்விடும்.

பெங்களூரில் நீ போர்க்கால விமானங்களின் பழைய படங்களைப் பாதுகாக்கிறாய் என்று பத்திரிகையில் படித்தேன். 'ஷ்ரைக்' என்ற அபூர்வப் போர் விமானம் ஒன்று பீர்க்கன்கரணை ஏரியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தாய். அது எங்கள் வீட்டுக் கதை! ஊர்மேல் விழவந்த ஆகாசக்கப்பலை அம்மன் ஏரிப் பக்கம் தள்ளிவிட்டாளாம். அடுத்த உழவில் எங்கள் நிலத்திலேயே இரும்பாக முளைத்தாளாம். ஆகாசக்கப்பல் அம்மன் என்று பெயர். மண்ணுக்கு மேல் முழங்கால் உயரம், தலையில் நான்கு தகட்டு இதழ்கள். ஆடி வெள்ளியில் தேங்காயை அவள் தலையிலேயே உடைப்போம். முதல் தேங்காய் உடையும்வரை வேறு எதையும் தொடக் கூடாது.

நிலத்தில் ஃபிளாட் வரப்போகிறது. இந்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் முகிலன் அண்ணன் ஜேசிபி வைத்து அம்மனைப் பெயர்த்து ரோட்டோரம் நட்டுவைக்கப்போகிறான். அதற்குள் அவள் கதையை எழுதிவைக்க ஆசை. அந்த விமானத்தைப் பற்றிச் சொல்வாயா? நீ எழுதினால் என் பெயர் மட்டும் வேண்டாம்.

அம்மன் படம் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தேவதர்ஷினி

*

பெங்களூர்
29 ஜூலை

தேவி,

கல்யாணச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எத்தனை தடவை கூப்பிடுவது? போனை எடுடி.

ஷ்ரைக் என்றால் நம் கீச்சான் குருவி. வேகமான விமானம், வயிற்றில் ஒரே ஒரு குண்டு. அதன் கொக்கிதான் கோளாறு. போட வேண்டிய இடத்தில் விடாது. தரையிறங்கும்போது தானாகக் கழன்று விழும். ஓடுதளத்திலேயே சிதறியவை உண்டு. அதனால்தான் சில விமானங்கள் செய்ததோடு நிறுத்திவிட்டார்கள்.

தாம்பரத்துக்கு மேலே பறந்த விமானி கடைசியாகச் சொன்னது பதிவாகியிருக்கிறது: "குண்டு இன்னும் தொங்குகிறது. கீழே ஆட்கள் இருக்கிறார்கள். ஏரிக்குப் போகிறேன்." விமானத்தின் உடைசல்களை எடுத்தார்கள். குண்டு மட்டும் கிடைக்கவில்லை.

உன் படத்தில் இருக்கும் நான்கு இதழ்கள் அந்தக் குண்டின் வால், தேவி. ஏரிக்குப் போகும் வழியிலேயே வெடிக்காமல் கழன்று விழுந்திருக்கிறது. மீதி மண்ணுக்குள். பழசாகிவிட்டதால் செத்துப்போயிருக்கும் என்று நினைக்காதே. உள்ளே இருப்பது கெட்டு, கசிந்து, வெள்ளையாகப் பூக்கும். அப்போது சின்ன அடியே போதும்.

போலீஸுக்குப் பேசினேன். எந்த நிலம், யார் சொன்னது என்று கேட்டார்கள். நீ பெயர் வேண்டாம் என்றாயே. திணறிப்போய் வைத்துவிட்டேன். உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

ஜென்சி

*

பீர்க்கன்கரணை
1 ஆகஸ்ட், வெள்ளி காலை

ஜென்சி,

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் சிரித்தான். "இன்னாடி, டிகிரி வாங்கினா சாமியே பாம் ஆயிடுமா?"

அம்மா அழுதுவிட்டாள். "எத்தினி தேங்கா ஒடச்சிகீறோம், இன்னா ஆச்சு? உனக்கு வேல கெடைக்கணும்னுதானே மொத தேங்கா உன் கையால ஒடைக்கச் சொல்றேன். பேஜார் பண்ணாத."

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். "இன்னாம்மா?" என்று நல்லபடியாகத்தான் கேட்டார்கள். அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. பர்ஸ் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ராத்திரி மழையில் அம்மன்மேல் பூசியிருந்த மஞ்சளெல்லாம் கரைந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தேன். இதழ்களுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அம்மா அதை விபூதி என்று விரலால் வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். எனக்கும் இட்டாள்.

பம்பைச் சத்தம் கேட்கிறது. ஜேசிபி தெருமுனையில் திரும்புகிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் குழந்தைகளோடு வந்துவிட்டார்கள். முதல் தேங்காய் என் மடியில் இருக்கிறது. நான் உடைக்கும்வரை வேறு யாரும் எதையும் தொட மாட்டார்கள். எவ்வளவு திட்டினாலும் தேங்காயை உடைக்காமல் பிடித்துக்கொண்டு அம்மன் முன்னால் நிற்பேன். பிடுங்கும்வரை நிற்பேன்.

கேட்கத் தயங்கியதை இப்போது கேட்கிறேன். உடனே போலீஸைக் கூப்பிடு. யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல். பீர்க்கன்கரணை, ஏரிக்கரைத் தெரு, கேசவன் மகள் தேவதர்ஷினி என்று சொல்.