நட்சத்திரத்தின் இரண்டு முனைகள்

22 டிசம்பர் 1959, முல்லைத்தீவு

பிற்பகல் முற்றத்தில் உட்கார்ந்து, இயேசு பிறப்புக்கான நத்தார் நட்சத்திரம் கட்டினேன். பனைமட்டைச் சிம்புகளை என் கணவருடைய வலைநூலால் இறுக்கினேன். அவரைப் பெற்ற மாமி பார்த்துக்கொண்டு நின்றார்.

"செத்த வீட்டில நட்சத்திரம் கட்டுறேல்லைப் பிள்ளை. இந்த வருசம் விடு."

"ஆர் மாமி செத்தது? ஆர் கண்டது? அவர் வருவார்!" என்று கத்திவிட்டேன்.

கார்த்திகையில் கடலுக்குப் போனவர். வள்ளமும் திரும்பவில்லை. நட்சத்திரம் கட்டாவிட்டால் ஊர் அவரைப் புதைத்துவிடும்.

மேலே ஒட்டக் கடதாசி போதவில்லை. இரண்டு முனைகள் வெறுமையாக நின்றன. அதே கோபத்தோடு அலுமாரியைத் திறந்து, கையில் அகப்பட்ட வெள்ளைத் துணியை எடுத்து வெட்டி, மாப்பசை பூசி ஒட்டினேன். அழகாகத்தான் இருந்தது.

மகள் நிலத்தில் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கினாள்.

"அம்மா, இது அப்பான்ர கோயில் சேட்டெல்லே? அப்பா வந்தால் நத்தார்ப் பூசைக்கு என்னத்தைப் போடுறது?"

மாமி என் கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நட்சத்திரம் நான் உட்கார்ந்திருந்த கதிரையில் கிடக்கிறது. வருவார் என்று கத்திய நான்தான் அந்தச் சட்டையை வெட்டினேன். வெட்டும்போது, அவர் வந்து அதைப் போடுவார் என்ற நினைவு எனக்கு ஒரு துளிகூட வரவில்லை.