தெற்கே இருக்கும் வடக்கு வாசல்

மார்ச் 4, செவ்வாய்

நகராட்சியின் பெயர்ப் பட்டியல் வேலை என் தலையில் விழுந்தது. 'வடக்கு' என்று வரும் பெயர்களை எல்லாம் காலம், பகுதி, சின்னம் என்று பிரித்து எழுத வேண்டும். பொருந்தாதவற்றை மாற்றப் போகிறார்களாம். எது பொருந்துகிறது? வடவர் காலம் என்கிறோமே, அந்த அரசர்கள் மேற்கிலிருந்து கப்பலில் வந்தவர்கள். வடக்கு மணிக்கூண்டு ஊருக்கு நட்டநடுவில் நிற்கிறது. நாங்கள் குடியிருக்கும் வடக்கு வாசலில் அந்த வாசல் இடிந்தே இருநூறு வருடம்; ஊர் வடக்கே வளர்ந்து வளர்ந்து நாங்கள் இப்போது தெற்குக் கோடி. சிரிப்பு வருகிறது. முதுகும் வலிக்கிறது.

மார்ச் 13, வியாழன்

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போடப் போன நேரம் அப்பா வெளியே போய்விட்டார். நாலு மணிக்கு ஒரு டாக்சிக்காரர் கொண்டுவந்து அக்காவிடம் விட்டாராம். "பேரு கேட்டா தெரியல, வீட்டு நம்பரும் தெரியல. வடக்கு வாசல், வடக்கு வாசல்னு மட்டும் சொல்லிட்டே இருந்தாரு." இந்த மாதத்தில் இரண்டாவது தடவை.

மார்ச் 14

அந்த இரண்டு சொல்தான் அவரை வீடு சேர்க்கிறது. அதை மாற்றச் சொல்லி எழுத வேண்டியவள் நான்.

ஏப்ரல் 2, புதன்

எங்கள் பிரிவுத் தலைவரைச் 'சுற்றறிக்கை' என்போம். வாயைத் திறந்தால் அப்படித்தான் பேசுவார். "தெற்குல இருக்கிற இடத்துக்கு வடக்குன்னு பேரு இருந்தா வெளியூர்க்காரங்க குழம்ப மாட்டாங்களா?" என்றார். மாற்றினால் எங்கப்பா குழம்புவார் சார் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து வாசல் இருந்ததற்கு ஆதாரம் தருகிறேன் என்றேன். எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?

ஏப்ரல் 9

ஆவண அறை. தூசி. தும்மல். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

வரைபடம் கிடைத்தது. சந்தோஷப்பட விடாமல் அண்ணன் போன். "கதவப் பூட்டி வச்சுட்டுப் போக வேண்டியதுதானே?" வந்து பத்து நாள் பூட்டிப் பார்க்கட்டும்! அப்பா உள்ளேயிருந்து கதவைத் தட்டித் தட்டி அழுறத இவன் கேட்டிருக்கானா? எல்லார் மேலயும் வெறுப்பா இருக்கு. அப்பா மேலயும்தான். எழுதிட்டேன், போகட்டும்.

மே 9, வெள்ளி

உத்தரவு வந்தது. வடக்கு வாசல் அப்படியே இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் புதுப் பலகையும் மாட்டிவிட்டார்கள். "பிடிச்ச பிடிய விடலையேம்மா நீ" என்றார் சுற்றறிக்கை. பாராட்டா, திட்டா, தெரியவில்லை.

மே 12, திங்கள்

அலுவலகம் விட்டுப் பேருந்திலிருந்து இறங்கினால், அந்தப் பலகைக்கு நேர் கீழே அப்பா. போகிற வருகிறவர்களை நிறுத்தி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போனேன்.

"ஏம்மா, இது எந்த இடம்?"

"வடக்கு வாசல்ப்பா."

பலகையை அண்ணாந்து பார்த்தார். "இங்க எனக்கு யாரும்மா இருக்காங்க?"

"நான் இருக்கேன்ப்பா. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

கையைப் பிடித்ததும் கூடவே நடந்தார். "உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்" என்றார். வீட்டில் சாப்பிடும்போதும் இரண்டு தடவை அதையே சொன்னார்.