அமராவதிச் சதுரக்காசு

2024 ஜூன் 3, திங்கள்

சிக்கந்தர் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கோட்டைமேட்டில் பழங்காசுக் கடை வைத்திருப்பவன். நாணயக் கழக மலருக்குப் படம் எடுக்க வேண்டும் என்று பத்து நாள் முன்பு வாங்கிப் போனான். என் சேரர் சதுரச் செப்புக்காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில், வில்லுக்குக் கீழே சின்னதாக ஒரு கப்பல். கரூரில் அமராவதி மணலைச் சலித்தவனிடம் 2003இல் நானே வாங்கியது. அந்தக் கப்பலை வைத்துத்தான் மலரில் என் கட்டுரை. "அது வெறும் கீறலுங்க" என்று பட்டம் வாங்கியவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

காசு இருக்கும் அட்டை உறை புதிது. பழையதை எதற்குப் பிரித்தான்?

ஜூன் 4

போனில் கேட்டேன். "எடை போட எடுத்தனுங்கண்ணா, பழைய அட்டை கிழிஞ்சுபோச்சு" என்கிறான். கொஞ்சம் பொறுத்து, "கட்டுரைய அடுத்த மலருக்குப் பாத்துக்கலாங்களா?"

இவனுக்கு என் கட்டுரையில் என்ன வேலை?

ஜூன் 6

உறையைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓரத்தின் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு. அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பவுண்டரியில் முப்பத்தெட்டு வருடம் பம்புக்கு மோல்டு கட்டியவன் நான். வார்ப்பில் மேல்பெட்டியும் கீழ்பெட்டியும் சேரும் இடத்தில் விழுகிற கோடு எனக்குத் தெரியாதா? என் காசு அச்சில் அடித்தது. இது உருக்கி வார்த்தது. மாத்திப்போட்டான்! என்னுதை வித்துப்போட்டு நகலைக் குடுத்திருக்கான்!

வீட்டுக்காரி சூசைமேரி, "ஏனுங்க, நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்ப மூணு நாளு கூடவே இருந்த மனுசனுங்க அவரு" என்றாள்.

அதுவும் இதை மோப்பம் பிடிக்கத்தானோ?

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து நேரே கழகக் கூட்டம். எல்லார் முன்னாலும் சொன்னேன். "நான் மாத்தலைங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு சிக்கந்தர் உட்கார்ந்துவிட்டான். குற்றமில்லாதவன் கத்தியிருக்க மாட்டானா?

செயலாளர் வெங்கடபதி, "அடுத்த ஞாயித்துக்கெழம ஆதாரத்தோட வாங்க. மாத்துனது நெசம்னா கழகத்துலயும் கண்காட்சியிலயும் அவருக்கு எடமில்லீங்க" என்றார்.

பின்னாலிருந்து ஒருவன்: "பெருசோட கப்பல் முழுகிப்போச்சுங்கோ."

காதில் விழுந்தது.

ஜூன் 12

ஆதாரம் இருக்கிறது. வாங்கிய அன்றே, அட்டைக்குள் போடுவதற்கு முன், அரக்கில் அழுத்திப் பதிவு எடுத்தேன். முகம் இரண்டு, ஓரம் நான்கு, ஆக ஆறு துண்டு. மோல்டர் கை சும்மா இருக்குமா? பரணில் தேட வேண்டும். சிக்கந்தர் தொலைந்தான்.

ஜூன் 13

கிடைத்தது.

யானைக் காதில் உள்ள குழி. வில் நுனியில் உடைசல். எல்லாம் அதேதான். ஓரத்தில் அதே கோடு.

"கெடச்சுதுங்களா?" என்றாள் சூசைமேரி. இல்லை என்றேன்.

ஜூன் 14

அப்படியானால் வாங்கிய அன்றே இது நகல்தான். அந்தக் கரூர் ஆள் மணலும் ஈரமுமாக நீட்டினான். நான் ஈரத்தை நம்பிவிட்டேன். ஓரத்தைப் பதிவெடுத்தவன் அதைப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் கப்பல் மேல். பிறகு இருபத்தொரு வருடம், கைபட்டால் கெட்டுவிடும் என்று அட்டையைப் பிரிக்கவே இல்லை.

சிக்கந்தருக்கு வெளியே எடுத்ததுமே தெரிந்திருக்கும். அதனால்தான் கட்டுரையைத் தள்ளிப்போடச் சொன்னான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நம்பியிருப்பேனா — அது வேறு. சொல்லியிருக்க வேண்டும்.

அரக்குதானே. அடுப்பில் காட்டினால் ஒரு நிமிடம். யாருக்குத் தெரியும்?

ஜூன் 15

அடுப்புப் பக்கம் இரண்டு தடவை போனேன். "காப்பி வேணுங்களா?" என்றாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஆறு துண்டையும் காசையும் கழக மேசையில் வைத்தேன். "ஒத்துப் பாத்துக்கங்க. அவன் மாத்தலை. கட்டுரையை எடுத்துருங்க" என்றேன். வெங்கடபதி லென்ஸை எடுத்தார். அதற்கு மேல் நிற்க முடியவில்லை, படியிறங்கி வந்துவிட்டேன்.

சிக்கந்தர் பின்னாலேயே வந்தான். "ஊட்டுல கொண்டுபோய் விடட்டுங்களாண்ணா?"

"முன்னாடியே சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?" என்று சத்தம் போட்டேன். ஹெல்மெட்டை நீட்டினான். மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். உக்கடம் தாண்டும் வரை திட்டிக்கொண்டே வந்தேன். மேடுபள்ளம் வரும்போது மட்டும் அவன், "புடிச்சுக்கங்கண்ணா" என்றான்.