எங்களை மட்டும் வையாத அண்ணனுக்கு

அண்ணா,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரி மேலே ஏறுகிறது, திடீரென்று கீழே இறங்குகிறது. 'ழ' எழுதும்போது நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "கோழி சீச்ச மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அரிசி பொறுக்கப் போய்விட்டாள். நீங்கள் உயிரோடு இருந்தாலும் இதைப் படித்திருக்க மாட்டீர்கள். அத்தனை மொழி பேசிய உங்களுக்கு ஒரு மொழியிலும் எழுத்துத் தெரியாது. யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லி, மெதுவாக வாசிக்கிறான் என்று அவனையும் நடுவில் வைதிருப்பீர்கள்.

இங்கே கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். மழை தொடங்கியபோது சேர்ந்தேன். இப்போது பொள்ளாச்சி பஸ்ஸின் பலகையை, பஸ் வந்து நிற்பதற்கு முன்பே படித்துவிடுகிறேன். சத்தமாகவே படிக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் என்னைக் கண்டக்டர் என்று நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

இன்று காலை மகள் என் வேட்டிக்குக் கஞ்சி போட்டாள். வகுப்புக்கு மொடமொடப்பாகப் போக வேண்டும் என்று நான்தான் கேட்டேன். கஞ்சி ஆறும் வாசனை வந்ததும் நம் கோயம்புத்தூர்ச் சந்து அப்படியே என் முன்னால் வந்து நின்றது. மகளுக்கு அந்த வாசனையில் ஒன்றுமில்லை. வயிற்றுக்குள் இருந்தபடி அந்தக் கஞ்சிக்கு அடியில் போனவள் அவள்தான். அதனால் இன்றைக்கு உங்களுக்கே எழுதுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் அந்தச் சந்துக்கு வந்ததற்குக் காரணம், எங்களுக்கு வேறு இடமில்லாததுதான். நான் இந்தக் கொழிஞ்சாம்பாறைக் காட்டுவேலைக் குடும்பத்துப் பிள்ளை. மலைமேல் சித்திரபுரத்துக்கு மின்சார வேலைக்குப் போன இடத்தில், எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். என் வீட்டிலும் கதவு திறக்கவில்லை, அவள் வீட்டிலும் திறக்கவில்லை. கோயம்புத்தூர் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினோம்.

அதற்குள் உங்கள் சந்து பாதி மாறியிருந்தது. முன்பு அது முழுக்க நெசவுக்காரர்களின் சந்து. வீட்டுக்கு வீடு தறி, வீட்டுக்கு வீடு தெலுங்கு. பிறகு பக்கத்தில் மில் வந்தது. மில்லைத் தொடர்ந்து ஒற்றப்பாலத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரர், உருது பேசும் தையல்காரர், கன்னடம் பேசும் வெற்றிலை வியாபாரி, சுற்றுப்பட்டியிலிருந்து மில் ஆட்கள். ஒவ்வொருவர் வரும்போதும் நீங்கள் வாசலில் நின்று, சந்து கெட்டுவிட்டது என்று ஊருக்கு அறிவித்தீர்களாம். பிறகு ஒரு வருஷத்துக்குள் அவர்கள் மொழியைக் கற்றுக்கொள்வீர்களாம். பேசுவதற்காக அல்ல, வைவதற்காக.

அதை நானே பார்த்தேன். பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று டீக்கடைக்காரரை மலையாளத்தில் வைவீர்கள். துண்டுத் துணியைச் சாக்கடையில் தள்ளுகிறார் என்று தையல்காரரை உருதுவில் வைவீர்கள். அவர்களும் விடமாட்டார்கள், உங்கள் மீசையிலிருந்து தறி வரை எல்லாவற்றையும் இழுத்துத் திருப்பி வைவார்கள். பிறகு எல்லோருக்கும் டீ வரும்.

எங்களிடம் மட்டும் நீங்கள் மரியாதையாக இருந்தீர்கள். "வாங்க", "தண்ணி வருதுங்களா", அவ்வளவுதான். எங்களை வைய நீங்கள் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர்த் தமிழும் என் ஊர்த் தமிழும் ஒன்றுதான். இருந்தும் வையவில்லை. என் வீட்டுக்காரி ஒருநாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாரையும் வையுதாரு, நம்மள மட்டும் வைய மாட்டேங்காரு. நாம இங்கன நிலைக்க மாட்டோம்னு நெனைக்காரு போல."

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் உள்ளே பயம்தான். பிரசவம் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் கல்யாணத்தைப் பற்றி யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு மூன்றாவது முறையாக ஒரு கதவுக்கு வெளியே நிற்கப்போகிறோம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. காதில் போட்டது நீங்கள்தானோ என்றுகூட நினைத்தேன். உங்களிடம் அதைக் கடைசிவரை கேட்கவில்லை. பிறகு கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

விடிந்ததும் நீங்கள் பாவு நீட்டுவீர்கள். துணியாகப் போகிற நூல் முழுவதும் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, இடுப்பு உயரத்தில், மூங்கில் கால்களின் மேல் விரிந்து கிடக்கும். அதற்குக் கஞ்சி தடவி, நீளப் பிரஷால் நீவி, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் மில்லுக்குப் போகிறவர்கள் சுவரோடு ஒட்டி நகர வேண்டும். ஈர நூலில் ஒரு முழங்கை பட்டால் போதும், "இதென்ன உங்கப்பன் ஊட்டு ரோடா?" என்பீர்கள். "ரோடென்ன உங்க தறிக்குழியா?" என்று அவர்கள் கேட்டுக்கொண்டே ஓடுவார்கள்.

அவளுக்கு நோவு கண்டது அப்படி ஒரு காலையில். மருத்துவச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டாள். ஜட்கா வண்டி சந்து முனையில் வந்து நின்றது. அதற்கு மேல் உள்ளே வராது. அவளால் நடக்க முடியாது. கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கி வாசலைத் தாண்டினால், எதிரே அப்போதுதான் கஞ்சி வாங்கிய பாவு. நான் அப்படியே நின்றுவிட்டேன். உங்களைப் பார்த்துக் கைகூப்பி, "ஏனுங்கண்ணா, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

நீங்கள் பிரஷைக் கீழே போட்டீர்கள்.

"ஏன்டா கொழிஞ்சாம்பாறை, பொண்டாட்டி நோவுல கெடக்கறா, நீ நூலுக்குக் கும்புடு போட்டுட்டு நிக்கற. மண்டைக்குள்ள என்னடா வெச்சிருக்கற? இழை அறுந்தா நான் பிணைச்சுக்குவேன். உசுரு அறுந்தா நீ பிணைப்பியா?"

அந்த 'ங்க' எங்கே போயிற்றோ தெரியவில்லை. கட்டிலில் கிடந்தவள் அந்த வலியிலும் என் கையை அழுத்தினாள். "வைதுட்டாரு" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. பாவை ஒரு முனையில் தூக்கி ஒரு முனையில் விட்டால் நூல் முழுவதும் போய்விடும். எல்லோரும் சேர்ந்து ஒரே உயரத்துக்குத் தூக்க வேண்டும். தூக்கு என்பதையே நீங்கள் அவரவர் மொழியில் சொன்னீர்கள்: டீக்கடைக்காரரிடம் "பொக்கு" என்றீர்கள், தையல்காரரிடம் "உட்டாவ்" என்றீர்கள், வெற்றிலைக்காரரிடம் "எத்து" என்றீர்கள், மில் ஆட்களிடம் "தூக்குங்கடா" என்றீர்கள். உங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெலுங்கில் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். சந்து முழுவதும் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, மூங்கில் கால்களோடு பாவைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்கள். வெள்ளைக் கூரை போல இருந்தது. அதன் அடியில் குனிந்து கட்டிலைக் கொண்டுபோனோம். கஞ்சி எங்கள் தலையில் சொட்டியது. அவள் நெற்றியிலும் ஒரு சொட்டு விழுந்தது. பின்னால் யாருடைய கையோ தாழ்ந்துவிட்டதென்று நீங்கள் மலையாளத்தில் வைதுகொண்டிருந்தது ஜட்கா கிளம்பும்வரை கேட்டது.

மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தார்கள். சில இழைகள் அறுந்திருந்தன, உட்கார்ந்து பிணைத்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டுச் சொந்தக்காரர் அந்த வாரம் வந்தபோது, நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அவரைப் பிடித்துக்கொண்டீர்கள். பிள்ளைபெற்றவளை வெளியே அனுப்பினால் உன் வீட்டு வாசலிலேயே பாவு நீட்டுவேன், நீ சுவரேறிக் குதித்துத்தான் போக வேண்டியிருக்கும் என்றீர்கள். அவர் வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் முடியெல்லாம் அந்த வீட்டில்தான் நரைத்தது. கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரியின் மலைப்பேச்சும் உங்களுக்கு வந்துவிட்டது. குழாயடியில் "ஏட்டி" என்று நீங்கள் அதட்டினால் அவளுக்கு அன்று முழுவதும் சந்தோஷம்.

பிறகு சந்து மறுபடி மாறியது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. உங்கள் ஆட்கள் ஊருக்கு வெளியே புது வீடு கட்டிப் போனார்கள். தறி இருந்த இடத்தில் லேத் பட்டறை வந்தது, கஞ்சி வாசனை போய் எண்ணெய் வாசனை வந்தது. ராஜஸ்தானிலிருந்து இரும்பு வியாபாரி குடிவந்தபோது உங்களுக்குக் கண் சரியாகத் தெரியாது. இருந்தும் தடவித் தடவி வாசலுக்கு வந்து, சந்து கெட்டுவிட்டது என்றீர்கள். அடுத்த தீபாவளிக்குள் உங்கள் உருதுவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு அவரை இந்தியில் வைதீர்கள். அவர் உங்களுக்கு இனிப்புக் கொடுத்தார். அதில் நெய் போதாது என்று அதற்கும் வைதீர்கள்.

மில் வேலை முடிந்து நாங்கள் இந்த ஊருக்கே திரும்பிவிட்டோம். போன வருஷம் நீங்கள் போய்விட்ட செய்தி வந்ததும் நாங்கள் இருவரும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தோம். உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது சந்து அகலமாக, வெறுமையாக இருந்தது. யாரும் எதையும் உயர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக வழிவிட்டார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இங்கே என் பக்கத்து வீட்டுக்கு இடுக்கி மலையிலிருந்து ஒரு மலையாளிக் குடும்பம் வந்திருக்கிறது. அந்த வீட்டு மனிதர் மீனாட்சிபுரத்தில் மாடு வாங்கிப் பால் கறந்து ஊற்றுகிறார். வந்ததிலிருந்து அவரும் நானும் கைகூப்பிக்கொண்டே இருந்தோம். மாடு கழுவிய தண்ணீர் தினமும் என் வாசலுக்கு ஓடிவந்தது, நானும் தினமும் அதைத் தாண்டிக்கொண்டு கைகூப்பினேன். நேற்று உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. வேலியருகே போய், "எந்தாடோ இது, வழியோ தோடோ?" என்று, இது நடக்கிற வழியா ஓடையா என்று அவர் மொழியிலேயே கேட்டேன். கூட இன்னும் இரண்டு வார்த்தை, நீங்கள் டீக்கடைக்காரருக்குக் கொடுத்தவை, அவையும் வந்துவிட்டன. மனிதர் வாளியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். உள்ளே என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் அவர் வாய்க்காலைத் திருப்பிவிட்டார். ஆனால் திருப்பி வையவில்லை. இன்று காலை என்னைப் பார்த்தபோது கைகூப்பவில்லை, ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். என் முருங்கைக் கிளை அவர் தொழுவத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. வேண்டுமென்றேதான் நான் அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் திருப்பி வைவார் என்று நினைக்கிறேன். வைதால், என்ன வைதார் என்று ஒரு வார்த்தை விடாமல் அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.