அக்கா என்று கூப்பிடுகிறவர்

மே 6
முதல் கொழுந்து இன்று. விரலெல்லாம் பச்சைக் கறை, பேனா வழுக்குகிறது. தொழிற்சாலைக்கு அசாமிலிருந்து வரும் தேயிலைக்காரர் திம்பேஸ்வர் இந்த வருஷமும் வந்துவிட்டார். போன வருஷம் வந்த அன்றே "உங்க வயசு என்ன?" என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே மனுஷன். பாவம், வயது தெரியாமல் அவர் மொழியில் ஒருத்தியைக் கூப்பிடவே முடியாதாம். மூத்தவளுக்கு ஒரு சொல், இளையவளுக்கு ஒரு சொல். நம் ஜார்ஜிய மொழியில் உடன்பிறந்தவள் என்றால் 'தா', அவ்வளவுதான். யார் மூத்தவள் என்பது அவரவர் முழங்காலுக்குத் தெரியும். நான் இரண்டு வயது மூத்தவளாகப் போய்விட்டேன். ஆகவே 'பாய்தேவ்'. அக்கா. தினமும் காலையில் தராசுப் பக்கம் நின்று, "பாய்தேவ், நல்லா இருக்கீங்களா?"

நல்லாத்தான் இருக்கேன். வேறென்ன.

மே 19
வெளியூர்க்காரர் யார் வந்தாலும் நாங்கள் சொல்லச் சொல்லும் வாக்கியத்தை இவருக்கும் கொடுத்தேன்: தவளை தண்ணீரில் கத்துகிறது. எங்கள் மொழியில் அதைச் சொல்லத் தொண்டையின் அடியில் நாலைந்து கதவைத் திறந்து திறந்து சாத்த வேண்டும். அவர் முயன்றதைப் பார்த்து, என் வரிசையில் கொழுந்து கிள்ளும் லமாரா, விக்கிக்கொண்டது என்று நினைத்து முதுகில் அறைந்தாள். ஆனால் காறினாற்போல் வரும் எங்கள் இன்னொரு ஓசை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. "அது எங்க ஊர் பேர்லயே இருக்கு, அசாம்ங்கறதை நாங்க காறித்தான் சொல்லுவோம்," என்றார்.

மழை வராவிட்டால் அவர்கள் ஊரில் தவளைக்குத் தவளையைக் கட்டி வைப்பார்களாம்.

"பொண்ணு மாப்பிள்ளை சம்மதம் கேப்பீங்களா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "கேக்கறதில்ல. கத்தினா சம்மதம்னு எடுத்துக்குவோம்."

என்னிடமே விளையாடுகிறாரே.

ஜூன் 2
காவல்கார வாலிகோவை மரியாதையாக 'மாமா' என்று கூப்பிட்டிருக்கிறார். எங்களுக்கு அது அப்பா. கல்யாணமே ஆகாத கிழவர், "எனக்குத் தெரிஞ்சு எனக்குப் பிள்ளை கிடையாதேப்பா," என்று மதியம் வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 14
என் அடுப்பில் அவர் மீன் குழம்பு வைத்தார். எங்கள் புளிப்புப் பிளம் சாறைக் கண்டதும் மனுஷனுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அவர்களும் புளிப்புப் பைத்தியம்தான். என் வீட்டுக்காரர் ஒத்தார் போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த அடுப்பில் ஆண் கை பட்டதில்லை.

லமாரா அதற்குள் தன் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்: வந்தது, சமைத்தது, சாப்பிட்டது, போனது. எங்கள் மொழியில் அவன் அவள் என்று பிரிவு இல்லை. அவள் மகளுக்கு என் வீட்டுக்கு வந்தது ஆணா பெண்ணா என்று தெரிந்திருக்காது. இந்த மொழியைச் செய்தவள் கைம்பெண்ணாகத்தான் இருப்பாள். அசாமிய மொழியில் அவன் வேறு, அவள் வேறாம். "எங்க ஊர்ல இப்படி மறைக்க முடியாது, பாய்தேவ்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்டியை டமாலென்று கழுவினேன். எனக்கு என்ன வந்தது?

ஆகஸ்ட் 3
இன்றைக்கும் அக்காதான். தராசிலும், வாசலிலும், மழையில் குடை நீட்டும்போதும்.

அக்டோபர் 20
கடைசிக் கிள்ளல் முடிந்தது. அவருக்கு அசாமிலேயே, ஜோர்ஹாட்டில், ஏதோ வேலை வந்திருக்கிறதாம். அடுத்த வருஷம் வருவது சந்தேகம் என்றார்.

"நல்லதாப் போச்சு, தவளைங்க நிம்மதியாத் தூங்கும்," என்றேன். சிரித்தார். வீட்டுக்கு வந்து கூடையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. போனாப் போகட்டும். எனக்கென்ன. அவர் யாரு எனக்கு — தம்பியாம், தம்பி.

நவம்பர் 9
தூக்கம் வரவில்லை. ஒயின் இல்லை காரணம்.

என் தம்பி அன்சோர் வீட்டில் அவருக்கு வழியனுப்பு விருந்து. அன்சோர்தான் மேஜைத் தலைவன். பெற்றவர்களுக்கு, போய்ச் சேர்ந்தவர்களுக்கு என்று வரிசையாகப் பேசிக் குடித்த பிறகு, "இந்த மனுஷன் ரெண்டு வருஷமா என் கூடப்பிறந்த சியாலாவை உடன்பிறந்தவளேன்னு கூப்பிடறார். இதைச் சும்மா விடலாமா?" என்றான். தன் ஞானஸ்நான வெள்ளிக் கரண்டியைக் கொண்டுவந்து, கத்தியால் சுரண்டி, தூளை ஒயினில் உதிர்த்தான்.

வெள்ளி விழுந்த ஒயினை இரண்டு பேர் குடித்தால் சத்தியத்தால் உடன்பிறப்பு. ரத்தத்தைவிடக் கெட்டி. அப்புறம் சாகும்வரை வேறு எதையும் நினைக்கக் கூடாது.

"அது அங்க சும்மா மரியாதைக்குடா. பஸ்ல பக்கத்துல உக்கார்றவளையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க," என்றேன்.

"இங்க மரியாதை சும்மா கிடையாது. சத்தியம் பண்ணினவளை விட்டுட்டு எவன் போய் ஜோர்ஹாட்ல உக்காருவான்? அடுத்த வருஷம் ஓடி வருவார் பாரு."

கோப்பை திம்பேஸ்வர் கைக்குப் போனது. "குடிச்சா என்ன ஆகும்?" என்றார். அன்சோர் மார்பைத் தட்டித் தட்டி விளக்கினான். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. மறுத்தால் வீட்டுக்காரனுக்கு அவமானம். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெதுவாக, "அன்சோர், உங்களோட குடிக்கிறேன். நாம ரெண்டு பேரும் சகோதரர்களா இருப்போம்," என்றார்.

மேஜையே கைதட்டியது. அன்சோருக்குக் கண் கலங்கிவிட்டது. முழங்கையோடு முழங்கை கோத்துக் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள் —

"அவனோடயும் வேணாம்," என்று ஒரு குரல். என் குரல்தான். "உனக்குச் சகோதரன்னா எனக்கும் தம்பிதானேடா, மடையா."

லமாரா வாயில் சோள ரொட்டி அப்படியே நின்றது. இந்த ஊரில் நான் கேலி செய்யாத ஆள் கிடையாது; அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்சோர் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். கடைசியில் கோப்பையைப் பார்த்து, "அப்போ இந்த வெள்ளியை என்ன பண்றது?" என்றான்.

திம்பேஸ்வருக்குக் காது இரண்டும் சிவந்திருந்தது. "அவங்களோட இதைக் குடிக்கப் பயந்துதான் உங்க பக்கம் திரும்பினேன், அன்சோர். பாய்தே —" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த மீதியை அவர் முழுங்கினாரே, அது போதும் எனக்கு.

நவம்பர் 10
விடிந்ததும் லமாரா. "உன் தம்பி எப்படி இருக்கார்டி?" என்றாள். கதவைச் சாத்தினேன். அப்புறம் திறந்து காபி போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 15
கிளம்பினார். ஜோர்ஹாட் வேலையை வேண்டாமென்று நேரில் சொல்ல வேண்டுமாம், அவர் அம்மாவிடம் வேறொன்றும் சொல்ல வேண்டுமாம். வாசலில் என்னை எப்படியும் கூப்பிடவில்லை. உறவும் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. நின்றார், சிரித்தார், பையைத் தூக்கினார்.

ஏப்ரல் 24
அசாமில் கட்டினவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவ்வளவாக இல்லையாம். 'ஹேரி' என்பார்களாம். அர்த்தம் கேட்டால், "அர்த்தம்னு ஒண்ணும் இல்ல, இந்தா கேளுன்னு வச்சுக்கயேன்," என்கிறார். காலையிலிருந்து கொட்டகையிலிருந்து ஒரு ஹேரி, கிணற்றடியிலிருந்து ஒரு ஹேரி. முதல் தடவைக்கு நான் திரும்புவதே இல்லை. திரும்பிவிட்டால் இரண்டாவது தடவை கூப்பிட மாட்டாரே.