சட்டைப் பையில் ஒரு பித்தளைப் பூஜ்யம்

யாலப்பின்,
ஈஸ்டர் கழிந்த செவ்வாய், 6-4-2021

அன்புள்ள லீயானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, நாய், விற்றது போக மிச்சமிருக்கும் ஆடுகள் எல்லோரும் சுகம், மழைக்குத்தான் உடம்பு சரியில்லை, மூன்று வாரமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை ஸ்டைனாரும் பிள்ளைகளும் சுகமென்றும், பெர்கனில் மழை வேண்டியதற்கு மேலேயே சுகமென்றும் போனில் சொன்னாய், கேட்டு உன் அப்பா இரண்டு நாள் வயிற்றெரிச்சலில் இருந்தார். போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைச் செலவழிக்கிறாள் என்று நினைப்பாய். இது போனில் சொல்கிற விஷயமில்லை. நீ கூப்பிட்டாலே உன் அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து அங்கே எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மில்லிமீட்டர் என்று நச்சரிப்பார், அவரை வைத்துக்கொண்டே அவர் கதையைச் சொல்ல முடியுமா. இன்றைக்கு விதைப்பு யந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கொட்டகையில் கிடக்கிறார், மத்தியானம் வரை வரமாட்டார். முழங்கால் வலி பரவாயில்லை, நீ அனுப்பிய கம்பளிக் காலுறையை இங்கே முப்பத்தெட்டு டிகிரியில் போட்டுக்கொள்ள முடியவில்லை, ஆனால் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் பதின்மூன்றாம் தேதி தேர்தல் முடிந்தது. நம் ஊர் மன்றத்தில் அதுதான் கடைசித் தேர்தல். ஐம்பது ஓட்டுக்குக் கீழே போனதால் இனிமேல் நாற்பத்தேழு கிலோமீட்டர் போய்ப் பக்கத்து ஊரில்தான் போட வேண்டுமாம், ஜனவரியிலேயே கடுதாசி வந்துவிட்டது. மன்றத்துச் சுவரில் தொங்குகிற ஜாரா மரப்பலகை உனக்கு நினைவிருக்கும், மேல்சபைத் தேர்தலில் நம் வாக்குச்சாவடி முடிவை வருஷவாரியாகப் பித்தளை எண்களில் திருகி வைத்திருப்பார்களே. மேல்சபைத் தொகுதிக்கு இதற்குள் எத்தனை தடவை பேர் மாறி, எல்லை மாறி, உறுப்பினர்கள் வந்து போய்விட்டார்கள், நம் பலகைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எழுபத்தேழில் நாட்டுப்புறக் கட்சி 118, தொழிலாளர் கட்சி 1. எண்பத்தொன்பதில் 93, 1. இரண்டாயிரத்து ஐந்தில் 61, 1. நிலத்தை விற்றுவிட்டு ஜனங்கள் போகப் போக இடது பக்கம் இளைத்துக்கொண்டே வந்தது, வலது பக்கம் மட்டும் அந்த ஒன்று ஆணி அடித்தாற்போல் நின்றது. நீயும் நார்வே போவதற்கு முன் இங்கே இரண்டு தடவை ஓட்டுப் போட்டாய், அப்போதும் ஒன்றுதான், ஆகவே நீ யாருக்குப் போட்டாய் என்று உன்னை நான் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்த ஒருத்தன் யார் என்பதுதான் இந்த ஊருக்கு நாற்பத்து நாலு வருஷமாகப் பேச்சு. முதலில் இருந்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும், ஆட்டுக்குத் தண்ணீர்க் குட்டை வெட்டுகிற தாம் பெட்ரிச், தானே சொல்லிக்கொள்வார். எழுபத்தேழு ஜனவரியில் அவர் செத்துப்போனார், ஊர் அனுதாபப்பட்டு, பலகை இனிச் சுத்தமாகிவிடும் என்று சந்தோஷமும் பட்டது. பிப்ரவரியில் தேர்தல். எண்ணினால் மறுபடி ஒன்று. அதற்கடுத்த ஞாயிறு நாலு பெரிய மனுஷர்கள் தொப்பியும் கையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் தாமின் குழி மூடியபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்கள், உன் அப்பாவும் அதில் ஒருவர். அன்றைக்கு நான் கல்யாணமாகி ஆறு மாதப் புதுப்பெண். வீட்டுக்கு வந்து என்னிடம், "குழி அப்படியேதான் இருக்கு கிளெனிஸ், அப்ப உசுரோட இருக்கிற எவனோ ஒருத்தன்தான்" என்றார். நான் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன்.

லீயான், அந்த ஒருத்தன் நான்தான். உட்கார்ந்துகொள். ஒருத்தன், ஒருத்தன் என்றே ஊர் தேடியது, ஒருத்தி என்று ஒரு வாய்க்கும் வரவில்லை, அதிலும் நாட்டுப்புறக் கட்சிக் கிளைத் தலைவர் பெண்டாட்டி என்று யார் நினைப்பார்கள். உன் தாத்தா ரயில் பாதையில் கூலிக்கு நின்றவர், அவர் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் எப்படியோ அப்படித்தான் தொழிலாளர் கட்சியும். உன் அப்பாவுக்குக் கழுத்தை நீட்டினால் கட்சிக்கும் நீட்ட வேண்டும் என்று எனக்கு அவர் புத்தி சொல்லவில்லை, "யாரை வேணா கட்டிக்கோ, ஓட்டுப் போடுற கையை மட்டும் மாத்திடாதே" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். நான் என் மனசாட்சியோடு ஒரு சமாதானம் பண்ணிக்கொண்டேன், கீழ்சபைக்கான சின்னத் தாள் புருஷனுக்கு, மேல்சபைக்கான மேஜைவிரிப்பு மாதிரிப் பெரிய தாள் என் அப்பாவுக்கு. பெரிய தாளில் கோட்டுக்கு மேலே ஒரே ஒரு கட்டத்தில் ஒன்று என்று போட்டால் போதும், எத்தனை நேரமாகிவிடும். எண்பதிலிருந்து சாவடி அதிகாரியும் நான்தான், கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று போட்டார்கள். உன் அப்பா கட்சியின் பார்வையாளர். பார்வையாளர் தாளைத் தொடக்கூடாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பார், நான் இந்தப் பக்கம் தாளைப் பிரித்துப் பிரித்து வைப்பேன். என் ஓட்டை நானே பிரித்து, நானே முகம் சுளித்து, தொழிலாளர் கட்சி ஒன்று என்று நானே அறிவிப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் உன் அம்மா.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மனுஷன் என்று உன் அப்பாவை நினைத்து எத்தனை தடவை சிரித்திருக்கிறேன் தெரியுமா. வந்த வாத்தியார் ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டார், அவர்கள் மாற்றலாகிப் போனார்கள், ஒன்று போகவில்லை. சிவப்புக் கார் வாங்கியதற்காகத் தபால்காரம்மாவைச் சந்தேகப்பட்டார். தொண்ணூற்று மூன்றில் தொழிலாளர் கட்சிக்காரருக்கு மட்டும் இலவச விருந்து என்று மன்றத்தில் ஆட்டுக்கறி வாட்டி ஒரு தட்டைத் தனியாகப் போட்டு வைத்தார்கள், ஊரே காசு கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, கடைசியில் நாய் தின்றது, அடுத்த வாரம் முழுக்க நாயின் பேரில் சந்தேகம். கறி வாட்டியது நான். ஆனால் ரே டக்கெட் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பத்து மூன்றில் பாவம் அந்த மனுஷன் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு மறைப்புக்குள் நாலு நிமிஷம் நின்றுவிட்டார், "நாலு நிமிஷம் எதுக்கு? நம்ம கட்சிக்குப் போட நாலு செகண்டு போதும்" என்று உன் அப்பா ஆரம்பித்து வைக்க, மூன்று வருஷம் ஊரில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் செய்த குற்றத்துக்கு அவர் தண்டனை அனுபவித்தார், நான் மாதத்துக்கொரு கேக் செய்து அனுப்பினேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அது என் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. அவர் அடக்கத்தன்று உன் அப்பா ஊர் முன்னால் எழுந்து நின்று "ரே, உன்னை மன்னிச்சுட்டோம்" என்றார். அடுத்த தேர்தலிலும் ஒன்று விழுந்தது, மறுநாள் தனியாகக் கல்லறைக்குப் போய்விட்டு வந்தார்.

இப்போது பூஜ்யத்துக்கு வருகிறேன். எண்பது தேர்தலுக்கு முந்தின வாரம் உன் அப்பா நார்தம் டவுனுக்குப் போய்ப் பலகையில் திருகுவதற்கு ஒரு பித்தளைப் பூஜ்யம் வாங்கி வந்தார். அது அவர் காலுறைப் பெட்டியில் நாற்பத்தொரு வருஷம் இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் எடுத்துத் துடைப்பார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார், திரும்பக் கொண்டுவந்து காலுறைக்குள் வைப்பார். ஒரு தடவையாவது பலகையில் அது ஏற வேண்டும் என்று அவருக்கு ஆசை, எழுபத்தாறு வயது, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட், இது கடைசி வாய்ப்பு. இந்த வருஷம் ஜனவரியிலிருந்து அவர் அதை எடுக்கவே இல்லை. அதுதான் என்னைக் கரைத்துவிட்டது. ஆசைப்படுவதை விட்டுவிட்ட மனுஷனைப் பார்க்க முடியவில்லை, லீயான். உன் தாத்தாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இந்த ஒரு தடவை பெரிய தாளையும் புருஷனுக்கே கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தேன். தேர்தலன்று காலை அவர் இஸ்திரிச் சட்டையின் பைக்குள் அந்தப் பூஜ்யத்தைத் துடைத்துப் போட்டு வைத்தேன். சட்டையை மாட்டியவர் பையைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீயைக் குடித்தார்.

மொத்தம் நாற்பத்தொரு ஓட்டு. வாசலில் சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள், கடைசித் தேர்தல் என்று வெளியூரிலிருந்துகூட ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டது. ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி எண்ண உட்கார்ந்தேன். ஊர் சுவரோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, உன் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே. ஒன்று, இரண்டு, பத்து, முப்பது, எல்லாம் நாட்டுப்புறக் கட்சி. அடுக்கு உயர உயர எனக்குச் சந்தோஷம். முப்பத்தேழாவது தாளைப் பிரித்தேன். தொழிலாளர் கட்சிக் கட்டத்தில் ஒன்று. தலையில் தொப்பி, காலுக்கு அடியில் பீடம். அந்த மாதிரி ஒன்று போடுகிறவர் இந்த ஜில்லாவிலேயே ஒருத்தர்தான், வருஷா வருஷம் நம் கம்பளி மூட்டைகள் மேல் மையில் எழுதுகிறவர். நான் நிமிர்ந்து பார்த்தேன். உன் அப்பா கூரையில் இருக்கும் மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலாளர் கட்சி ஒன்று என்று சொன்னேன். ஊர் ஒரேயடியாக "ச்சே" என்றது. "இன்னும் ஒருத்தன் நம்மள்ல இருக்கான்யா" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் உன் அப்பா. திருப்புளியை வாங்கி 40, 1 என்று அவரே பலகையில் முடுக்கினார்.

வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினோம். கோதுமைக் கிடங்கு தாண்டியதும் அவர்தான், "நீ பையில பூஜ்யத்தைப் போட்டப்பவே தெரிஞ்சிருச்சு, இன்னிக்கு நீ கை மாத்தப்போறேன்னு. உங்கப்பாவுக்கு யார் பதில் சொல்றது? அதான் நான் போட்டேன்" என்றார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "எண்பதுலருந்து. மொத தடவ மேஜைக்கு எதிர்ல நின்னேனே, அன்னிக்கே. உன் ஒன்னு வேலிக்கம்பம் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும்" என்றார். அப்புறம் எதற்கு ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடினீர்கள் என்றேன். "நான் தேடலேன்னா அவனுங்க தேடியிருப்பானுங்க. அவனுங்க தேடியிருந்தா உன்கிட்ட வந்திருப்பானுங்க" என்றார். ரே? "ரேகிட்ட மட்டும் சொல்லிட்டேன். சந்தேகத்த அவனே ஏத்துக்கிட்டான். 'மூணு வருஷம் எவனும் டிராக்டர் இரவல் கேட்டு வரமாட்டான், அது போதும்டா நெவில், உன் பொண்டாட்டி கேக் வேற அனுப்புறா'ன்னான். கல்லறைக்குப் போனது நன்றி சொல்லத்தான்." சரி, எல்லாம் தெரிந்தும் நாற்பத்தொரு வருஷமாக அந்தப் பூஜ்யத்தை எதற்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "வாங்கினப்ப தெரியாதே. கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டேன்னுட்டான்" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி அழுதேன், அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தது அவரில்லை, நான்.

அதற்குப் பிறகுதான் கூத்து. பிறந்ததிலிருந்து கட்சி மாறாத மனுஷனாகையால் மூன்று வாரமாகக் கை கூசுகிறது என்கிறார், கிளைக் கூட்டத்தில் எழுந்து ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு நாள் கிளம்பியே விட்டார், சாவியை ஒளித்து வைத்தேன். மாநிலம் முழுக்கத் தொழிலாளர் கட்சிக்கு அலை அடித்து, நம் தொகுதியிலும் மேல்சபை இடம் அவர்களுக்குக் கூடிவிட்டது. அதெல்லாம் தன் ஒரு ஓட்டால் வந்த வினை என்று பேப்பரை வைத்துக்கொண்டு மருகுகிறார். நான் என் ஓட்டை உங்களுக்குத்தானே போட்டேன், கணக்கு நேராகிவிட்டதே என்றால், "கணக்கு வேற, கட்சி வேற" என்கிறார். பூஜ்யத்தை அவர் அடுப்படியில் மழை எழுதுகிற நாட்காட்டிக்கு மேல் ஆணியில் மாட்டிவிட்டார், தினமும் எழுதுகிற வேலை மிச்சமாம். நாற்பத்தொரு வருஷம் கழித்து அதற்கு ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. மழை பெய்கிற அன்று கழற்றி உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பெர்கனில் அதற்கு வேலையிருக்காது, நன்றாக ஓய்வெடுக்கட்டும்.

கொரோனாவுக்காக மூடிய எல்லையைத் திறந்துவிட்டால் முதல் விமானத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, அப்பா வாய்விட்டுச் சொல்லமாட்டார், உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொசுவலை அடித்து வைத்திருக்கிறார். ஸ்டைனாரோடு சண்டை வந்தால் அன்றைக்கே முடித்துக்கொள், இருந்தாலும் அவர் முட்டாள் என்று மட்டும் சீக்கிரம் தீர்மானித்துவிடாதே, எனக்கு ஆனது உனக்கு ஆகவேண்டாம். ஓட்டு ரகசியத்தைக் காப்பேன் என்று சத்தியம் செய்தவள் நான், அதனால் படித்தவுடன் இதை உங்கள் விறகடுப்பில் போட்டுவிடு. போடுவதற்கு முன் மேலே தேதியில் கடைசியாக இருக்கிற ஒன்றைப் பார். சாய்ந்திருக்கிறதா? எழுபது வயதுவரை எனக்குத் தெரியவில்லை, ஒருத்தர் நாற்பத்தொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நீயும் உன் வீடும் குறைவில்லாமல் இருக்க வேண்டுமென்று இரண்டு கட்சி சார்பிலும் ஆசீர்வதிக்கிறேன்.

உன் அம்மா,
கிளெனிஸ்
(யாலப்பின் சாவடி அதிகாரி, ஓய்வு)